மகன் வரைந்த ஒரு படமும் நான் தொலைத்த ஏழு மாதங்களும்

போன வருடம் இதே மாதத்தில், பிள்ளைகள் தூங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் போனில் தேடிக்கொண்டிருப்பேன். "நாலு வயதுப் பையன் எழுதவில்லை", "குழந்தை கை இல்லாமல் மனிதனை வரைந்தால் என்ன அர்த்தம்", "கறுப்புக் கலரில் மட்டும் வரையும் குழந்தை". தமிழில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பயமுறுத்துபவையாகவே இருந்தன. கேட்பதற்கும் பக்கத்தில் ஆள் இல்லை. வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி மெக்கானிக். கும்பகோணத்தில் நானும் மாமியாரும் (நான் அத்தை என்பேன், பிள்ளைகள் அப்பாயி என்பார்கள்) இரண்டு பிள்ளைகளும். அவரிடம் சொன்னால் அங்கே தூக்கம் போய்விடும் என்று சொல்லவில்லை. அத்தையிடம் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார் என்று சொல்லவில்லை. அப்படி ஒற்றை ஆளாக நின்று 7 மாதத்தையும் 34,100 ரூபாயையும் தொலைத்தேன். அதைவிடப் பெரிய இழப்பு, ஓயாமல் வரைந்துகொண்டிருந்த பிள்ளை வரைவதையே நிறுத்தியது. "முதல்ல அவன்கிட்ட அந்தப் படத்தப் பத்திக் கேளும்மா" என்று அன்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

பெரியவன் ஒன்றரை வயதில் கிறுக்க ஆரம்பித்தான். செங்கல் துண்டு, கரித்துண்டு, தட்டில் சிந்திய ரசம், எதுவானாலும் அவனுக்குக் கோடு போடத்தான். முதலில் கோடு முன்னும் பின்னும் ஓடும். இரண்டு வயது தாண்டியதும் சுழல் சுழலாக வந்தது. மூன்று வயதை ஒட்டி ஒரு நாள், ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிகிற ஒரு வட்டம் போட்டான். அன்று அதை நான் கவனிக்கவே இல்லை. ஆனால் எவ்வளவு பெரிய படி அது! கோடு மூடிக்கொண்டதும் அதற்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வட்டம் தலையாகலாம், நிலாவாகலாம், இட்லியாகலாம். இதற்கும் முன்னால் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. கிறுக்கி முடித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்து "பஸ்" என்பான். வரையும்போது பஸ் நினைப்பே இருந்திருக்காது, வரைந்த கோட்டில் பஸ் தெரிந்திருக்கிறது. பிரான்சில் ஜார்ஜ்-ஆன்றி லூக்கே என்பவர் தன் மகளின் படங்களை வருடக்கணக்கில் சேர்த்துவைத்து ஆராய்ந்தவர். 1927-இல் அவர் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் முதல் கட்டமாகச் சொல்கிறார். கோட்டில் தற்செயலாக ஒரு பொருள் தெரிகிறது, பிறகுதான் பிள்ளை வேண்டுமென்றே ஒன்றை வரைய முயல்கிறது. நான் அன்று என்ன செய்தேன் தெரியுமா? "பஸ்ஸுக்குச் சக்கரம் எங்கடா?" என்று கேட்டு நானே இரண்டு சக்கரம் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு "நீயே வரைஞ்சு குடும்மா" என்று பென்சிலை என்னிடம் நீட்ட ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தைக் குறை சொல்வதற்கு முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும், முதல் தப்பு என் வீட்டில் நடந்தது.

ஜூன் மாதம் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்த்தோம். வயது 3 வருடம் 8 மாதம். ஜூலை மூன்றாவது வாரம் டைரியில் சிவப்பு மையில் வந்தது, "எழுத ஒத்துழைப்பதில்லை, வீட்டில் பயிற்சி தரவும்" என்று. மறுநாள் கேட்டில் மற்ற அம்மாக்கள் நிற்கும்போதே மிஸ் சொன்னார்: "எல்லாப் பிள்ளைங்களும் ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் முடிச்சு ஏ, பி வரைக்கும் வந்துட்டாங்க மேடம். இவன் இன்னும் கிறுக்கிட்டு இருக்கான்." எனக்குக் கூனிக்குறுகிப் போயிற்று. அன்று சாயங்காலமே நாலு கோட்டு நோட்டு வாங்கி, அவன் கையைப் பிடித்து ஆங்கில ஏ எழுத வைத்தேன். அழுதான். நானும் அழுதேன். எனக்கு அப்போது தெரியாதது இதுதான். பிள்ளைகளின் கைக்கு வடிவங்கள் ஒரு வரிசையில்தான் வருகின்றன. இரண்டு வயதை ஒட்டி நேர்கோடு, மூன்றை ஒட்டி வட்டம், நாலை ஒட்டிக் கூட்டல் குறி, அதன் பிறகு சதுரம், முக்கோணம் ஐந்து வயதை ஒட்டி. சாய்ந்த கோடுகளால் ஆன டைமண்ட் வடிவம் பல பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதில்தான் வரும். பிள்ளைக்குப் பிள்ளை சில மாதம் முன்பின் ஆகும், ஆனால் வரிசை பெரும்பாலும் இதுதான். இப்போது ஆங்கில ஏ-யைப் பாருங்கள். இரண்டு சாய்ந்த கோடு. அகரவரிசையில் முதலில் வருகிறது என்பதற்காக, கைக்குக் கடைசியில் வரக்கூடியதை முதலில் கேட்கிறோம். தமிழிலும் அதே கதைதான். அ என்ற எழுத்தில் சுழி, வளைவு, படுத்த கோடு, நின்ற கோடு எல்லாம் இருக்கிறது. ட-வுக்கு இரண்டே கோடு போதும்.

ஆகஸ்டில் ஒரு கையெழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்த்தேன். புத்தகம், பென்சில் பிடி எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய், மாதம் 1,200. சனி ஞாயிறு ஒரு மணி நேரம். புள்ளி வைத்த எழுத்தின் மேல் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். டிசம்பர் வரை ஐந்து மாதம் போனான். கொஞ்சம் எழுத்து வந்தது உண்மைதான், ஆனால் எழுதியதில் பாதி கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருந்தது. 3-ம் எஸ்ஸும் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. "டிஸ்லெக்ஸியா இருக்கலாம்" என்று, அதாவது எழுதப் படிக்கச் சிரமப்படுகிற கற்றல் குறைபாடு என்று, அங்கே ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. ஆறேழு வயது வரை இப்படித் திருப்பி எழுதுவது சகஜம் என்று பிறகுதான் படித்தேன். காரணமும் எளிதாகப் புரிகிறது. பிறந்ததிலிருந்து பிள்ளை கற்றுக்கொண்டது, ஒரு பொருள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பொருள்தான் என்பது. பிடி இடது பக்கம் இருந்தாலும் வலது பக்கம் இருந்தாலும் அது அதே கரண்டி. எழுத்துக்கு வந்தால் அந்த விதி செல்லாது. பக்கம் மாறினால் ஆங்கிலச் சின்ன எழுத்து b, d ஆகிவிடுகிறது. நாலு வருடமாகச் சரியாக இருந்த ஒரு பாடத்தைப் பிள்ளை எழுத்துக்காக மட்டும் மறக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் காலம் ஆகத்தானே செய்யும்?

செப்டம்பரில் டிராயிங் கிளாஸ். படம் வரைந்தால் கை பழகும் என்று பள்ளியிலேயே சொன்னார்கள். சேர்க்கை 500, மாதம் 800, நாலு மாதம். என்ன கற்றான் என்றால் சீனரி. இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், கீழே ஆறு, ஒரு ஓட்டு வீடு, ஒரு தென்னை மரம், மேலே வி வடிவத்தில் நாலு காக்கா. நீங்கள் எல்லாரும் வரைந்திருப்பீர்கள், நானும் வரைந்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் அதை ஒழுங்காக வரைந்துவிட்டான். சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். ஒரு நாள் அத்தை "நம்ம எதுத்த வீட்டு மாட்டை வரைஞ்சு காட்டு சாமி" என்றார். "மிஸ் மாடு சொல்லித் தரல அப்பாயி, எனக்கு வராது" என்றான். இரண்டு வயதில் கிறுக்கலில் பஸ்ஸைப் பார்த்த பிள்ளை. எனக்கு நெஞ்சில் என்னவோ செய்தது, ஆனால் அதையும் அவன் குறையாகத்தான் எடுத்துக்கொண்டேன். கும்பகோணத்தில் வளர்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் மலை கிடையாது, காவிரியும் அரசலாறும்தான் உண்டு. அவன் வரைந்த ஆற்றில் அவன் பார்த்த ஆறு எதுவும் இல்லை.

நவம்பர் வாக்கில் நகம் கடிக்க ஆரம்பித்தான். நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பது திரும்ப வந்தது. பள்ளியில் ஒரு குழந்தைகள் ஆலோசனை மையத்தின் நோட்டீஸ் கொடுத்தார்கள். மதிப்பீட்டுக்கு 4,500 ரூபாய். போனேன். குடும்பத்தை வரையச் சொன்னார்கள். பல நாளாக வீட்டில் வரையாதவன், அங்கே கறுப்பு கிரேயானை எடுத்து வரைந்தான். ஒரு பெரிய வட்டம், அதற்குள் கண், வாய், வட்டத்திலிருந்தே கீழே இரண்டு நீளக் கால். உடம்பு இல்லை, கை இல்லை. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. ஓரத்தில் தனியாக ஒரு பெட்டி, அதற்குள் கொஞ்சம் கிறுக்கல். ஒரு வாரம் கழித்து 9 பக்க அறிக்கை தந்தார்கள். கை இல்லாததால் பாதுகாப்பின்மை. உடம்பு இல்லாததால் தன்னைப் பற்றிய எண்ணம் உருவாகவில்லை. கறுப்பு நிறம் மன அழுத்தம். படத்தில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, பெற்றோரை மனம் ஒதுக்குகிறது. மூடிய பெட்டி, மனதில் பூட்டிவைத்த பயம். "வீட்ல ஏதாவது பிரச்சினையா? யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரை எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அப்பா பக்கத்தில் இல்லாமல் வளர்க்கிறோம், நான்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

20 அமர்வுகள் தேவை, 16,000 ரூபாய், மொத்தமாக முன்பணம் என்றார்கள். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். வாரம் இரண்டு நாள் ஆட்டோவில் போய்வருவோம். அங்கே வண்ணம் தீட்டும் தாள் கொடுப்பார்கள், "கை போட்டு வரை, உடம்பு போட்டு வரை" என்பார்கள். 11 அமர்வு போனோம். அவன் கை போட்டு வரையக் கற்றுக்கொண்டான், வீட்டில் வரைவதை முழுதாக விட்டான். ஜனவரியில் ஒரு நாள் ஆட்டோ வந்து நின்றதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். கூப்பிட்டால், "நான் கை போட்டே வரையிறேம்மா, என்னைக் கூட்டிட்டுப் போகாத" என்றான். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு அவனோடு தரையில் படுத்துக்கொண்டேன். மீதி 9 அமர்வுக்கான பணத்தைக் கேட்டேன், தரவில்லை.

எங்கள் தெரு அங்கன்வாடி அக்கா சின்னவளின் எடை பார்க்க வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் பிறந்ததிலிருந்து 18 வயது வரையான பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்ப்பதற்கென்றே மையம் இருக்கிறது, காசு கிடையாது என்று அவர்தான் சொன்னார். மத்திய அரசின் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டம் 2013-இல் ஆரம்பித்தது. அதன் கீழ் வருவதுதான் இந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். பெயர் நீளம், வெளியே தெரிவதில்லை, அதனாலேயே என்னைப் போன்றவர்கள் தனியாரிடம் ஓடுகிறோம். நீங்கள் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் விசாரியுங்கள்.

தஞ்சாவூர் மையத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தரையில் பாய் விரித்து அவனோடு உட்கார்ந்தார். அறிக்கையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அதில் இணைத்திருந்த படத்தை மட்டும் எடுத்து அவன் முன்னால் வைத்தார். "இந்தப் படத்தப் பத்தி எனக்குக் கொஞ்சம் சொல்றியா தங்கம்?" ரொம்ப நேரம் பேசவில்லை. அவரும் அவசரப்படவில்லை. அப்புறம் பெரிய வட்டத்தைத் தொட்டு "அப்பாயி" என்றான். சின்னதைத் தொட்டு "பாப்பா, மொட்ட போட்டாச்சு" என்றான். வைத்தீஸ்வரன்கோயிலில் சின்னவளுக்கு மொட்டை போட்டது அப்போதுதான். "அப்பாயிக்கு வயிறு எங்க இருக்கு?" கால் இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்தான். அங்கே கோடு எதுவும் இல்லை, ஆனால் அவனுக்கு அங்கே வயிறு இருந்தது. "கை?" "சேலைக்குள்ள." "அம்மாவக் காணோமே?" "அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க" என்று என்னைக் காட்டினான். "ஏன் கறுப்பு எடுத்த?" "அதுதான் நல்லாத் தெரியும்." கடைசியில் பெட்டியைக் காட்டி "இது என்ன?" என்றார். ஏதோ தெரிந்த விஷயத்தைக் கேட்டதுபோல அவரைப் பார்த்து, "அப்பா" என்றான். "அப்பா போன்ல இருக்காங்க." பெட்டிக்குள் இருந்த கிறுக்கல் அவர் முகம். தினமும் ராத்திரி எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற முகம். 9 பக்க அறிக்கை எழுதியவர்களும் சரி, பெற்ற நானும் சரி, மூன்று மாதமாக அந்தப் பெட்டியைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பரிசோதனை எல்லாம் முடித்து, பிள்ளை வயதுக்கேற்றபடிதான் இருக்கிறான் என்றார். அவனைப் போட்டு அழுத்தாதீர்கள், அந்த வகுப்புகளை எல்லாம் நிறுத்துங்கள் என்றார். இரண்டு மாதத்தில் படுக்கை நனைப்பது நின்றுவிட்டது.

தலையிலிருந்து நேராகக் கால் முளைக்கிற அந்த மனிதனை மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் உலகம் முழுவதும் பல இடங்களில் வரைகிறார்கள். தவளைக்குஞ்சு மாதிரி இருப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயரிலேயே குறிப்பிடுகிறார்கள். அது ஒரு நோயின் அடையாளம் இல்லை, ஒரு படி. மனிதனை வரையச் சொல்லிப் பார்க்கிற சோதனையை 1926-இல் அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் குட்எனஃப் கொண்டுவந்தார். எத்தனை விவரங்கள் இருக்கின்றன என்று எண்ணி அறிவு வளர்ச்சியை மதிப்பிடுவதற்காக வந்த சோதனை அது, மனதில் உள்ள பயத்தைக் கண்டுபிடிக்க வந்ததில்லை. 1949-இல் கேரன் மகோவர் என்பவர் மனித உருவப் படத்தை வைத்து ஆளுமையையே சொல்லலாம் என்று எழுதினார். இப்படி ஒரு படத்தில் உள்ள ஒற்றை அடையாளத்தை வைத்து மனதைக் கணிப்பது நம்பத்தக்கதில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1998-இல் பால் புளூமும் லோரி மார்க்சனும் செய்தது. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பலூனும் ஒரு குச்சி மிட்டாயும் வரையச் சொன்னார்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஒரு வட்டம், கீழே ஒரு கோடு. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது, எதைப் பலூனாக நினைத்து வரைந்தார்களோ அதைத்தான் பலூன் என்றார்கள். அந்த வயதில் படத்தின் அர்த்தம் கோட்டில் பாதிதான் இருக்கிறது, மீதி வரைந்தவன் நினைப்பில் இருக்கிறது. அதனால்தான் பிள்ளை இல்லாத அறையில் பிள்ளையின் படத்தைப் படிக்கவே கூடாது என்கிறேன்.

அதன் பிறகு எனக்கே இதில் ஒரு ஆர்வம் வந்துவிட்டது. சின்னவள் ஒன்பது பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது காலண்டரில் உள்ள மாம்பழத்தை நகத்தால் பறிக்கப் பார்ப்பாள். நாங்கள் சிரிப்போம். அந்த வயதுக் குழந்தைகள் படத்தில் உள்ள பொருளை இப்படி எடுக்கப் பார்ப்பதை ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆராய்ந்திருக்கிறார். படம் என்பது ஒரு பொருளைக் குறிக்கிறது, அந்தப் பொருள் இல்லை என்பதையே பிள்ளை கற்றுத்தான் தெரிந்துகொள்கிறது. 1987-இல் அவர் வெளியிட்ட இன்னொரு சோதனையை நான் வீட்டிலேயே செய்து பார்த்தேன். எங்கள் கூடத்தைப் போலவே ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் சின்னதாக ஒரு கூடம் செய்தேன், தீப்பெட்டியில் கட்டில், அட்டையில் பீரோ. குட்டிப் பொம்மையைத் தீப்பெட்டிக் கட்டிலுக்குப் பின்னால் அவள் பார்க்கவே ஒளித்துவைத்து, "பெரிய பொம்மையும் நம்ம கூடத்துல இதே இடத்துல ஒளிஞ்சிருக்கு, போய் எடு" என்றேன். அப்போது அவளுக்கு 2 வருடம் 5 மாதம். கூடம் முழுக்க ஓடினாள், பீரோவைத் திறந்தாள், என் புடவைக்குள் பார்த்தாள், கட்டில் பக்கம் போகவே இல்லை. ஆனால் பெட்டியில் குட்டிப் பொம்மை எங்கே என்று கேட்டால் சட்டென்று எடுத்துவிட்டாள். மறதி இல்லை. அந்தப் பெட்டி அவளுக்கு ஒரு நல்ல விளையாட்டுச் சாமான், அது நம் கூடத்தையும் குறிக்கும் என்பது இன்னும் விளங்கவில்லை. ஒரே பொருளை அதுவாகவும் இன்னொன்றின் குறியாகவும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறதே, அதுதான் கஷ்டம். ஜூலையில், 2 வருடம் 10 மாதத்தில், அதே பெட்டியைக் காட்டினேன். நேராகக் கட்டிலுக்குப் பின்னால் போனாள். நடுவில் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. டிலோச்சின் சோதனையிலும் இரண்டரை வயதில் திணறியதை மூன்று வயதில் பிள்ளைகள் செய்துவிட்டார்கள். அவள் கட்டிலுக்குப் பின்னாலிருந்து பொம்மையோடு எழுந்தபோது, பெரியவனிடம் நான் எதற்காக அப்படி அவசரப்பட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

பெரியவன் மறுபடி கோடு போட ஆரம்பித்தது காகிதத்தில் இல்லை, வாசலில். மார்கழி முடிந்து தையிலும் அத்தை கோலம் பெரிதாகத்தான் போடுவார். ஒரு நாள் காலையில் மாவுக் கிண்ணத்தோடு அவனும் போய் உட்கார்ந்தான். அத்தை நாலு புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்கு அவர் வேலையைப் பார்த்தார். சரி தப்பு சொல்லவில்லை, அதுதான் பெரிய உதவி. கோலமாவில் பென்சில் பிடி கிடையாது, தப்பானால் கையால் துடைத்துவிடலாம், மறுநாள் காலையில் எப்படியும் அழிந்துவிடும். யாரும் நோட்டில் சிவப்பு மை போட முடியாது. இரண்டு வாரத்தில் கோலத்தின் ஓரத்தில் ஒரு மாடு வந்தது, எதிர் வீட்டு மாடு, நாலு காலும் ஒரே பக்கம். நான் வீட்டின் வரைபடம் போட்டு, முறுக்கு டப்பா இருக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். அது அவனுக்குப் பைத்தியமாகப் பிடித்துப்போய், அவனே போட்டு அப்பாயியைத் தேட விட்டான். எழுத்தும் அப்படித்தான் வந்தது. கடைக்குப் போகும்போது நான் சீட்டு எழுதுவதைப் பார்த்து அவனும் கிறுக்கி, "இது சக்கரை, இது பருப்பு" என்று படித்துக் காட்டினான். ஒரு நாள் யானை, எறும்பு இரண்டையும் எழுதிக் காட்டினேன். ஒத்துக்கொள்ளவே இல்லை. "யானைக்கு ரெண்டே எழுத்தா? எறும்புக்கு நாலா? மாத்தி எழுதிட்டம்மா" என்று சண்டை. எமிலியா ஃபெரேரோ என்ற ஆராய்ச்சியாளர் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளிடம் இதையே பார்த்திருக்கிறார், பெரிய பொருளின் பெயருக்கு நிறைய எழுத்து வேண்டும் என்று அவர்களும் நினைத்தார்களாம். எழுத்து ஒலியைக் குறிக்கிறது, பொருளைக் குறிக்கவில்லை என்பது படத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு எவ்வளவு விசித்திரமாக இருக்கும்! நம் மொழியில் கண்ணுக்கு மையையும் "எழுதுகிறோம்", கடிதத்தையும் "எழுதுகிறோம்". வரைவதும் எழுதுவதும் ஒரு காலத்தில் ஒரே சொல்லில்தான் இருந்தன. பிள்ளை அந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது. அவன் சொந்தமாக எழுதிய முதல் சொல் "படம்". கைக்கு எளிதான ப, ட, ம் என்ற மூன்று எழுத்தும் அதில் இருக்கிறது. ட ஒரு மாதம் திரும்பித்தான் நின்றது, தானாகச் சரியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் வேலைக்கானதைச் சொல்கிறேன். "என்ன இது?" என்று பரீட்சை மாதிரி கேட்காதீர்கள், "இதப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அவன் சொன்னதை அப்படியே படத்தின் பின்னால் தேதியோடு எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும், பயமும் போகும். நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள், கேட்டுக்கொண்டே இருந்தால் "மாட்டுக்கு என்னென்ன இருக்கும், போய்ப் பார்த்துட்டு வருவமா" என்று கூட்டிப்போங்கள். கிரேயான் உடைந்தால் தூக்கிப் போடாதீர்கள், சின்னத் துண்டைப் பிடிக்கும்போதுதான் விரல் தானாக ஒழுங்காக மடங்குகிறது. சப்பாத்தி மாவு, மணல், தண்ணீர் தொட்டுச் சிலேட்டில் கோடு, சுவரில் ஒட்டிய பழைய காலண்டரின் வெள்ளைப் பக்கம், இவையே போதும். கையெழுத்து வகுப்புக்காக நான் வாங்கிய 1,500 ரூபாய்ப் புத்தகமும் பென்சில் பிடியும் பரணில் கிடக்கின்றன. எந்த மையத்துக்குப் போனாலும் மொத்தப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். சோதனை செய்பவர் மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவெண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நான் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டேன்.

அதே சமயம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சும்மா இருக்கவும் சொல்லவில்லை. ஒன்றரை வயதாகியும் பிள்ளை விரலை நீட்டி உங்களுக்கு எதையும் காட்டவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு வயது தாண்டியும் பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போன்ற பாவனை விளையாட்டு எதுவும் இல்லை, வந்த பேச்சோ திறமையோ காணாமல் போகிறது, ஐந்தை நெருங்கியும் ஒரு வட்டம்கூட வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். நான் சொன்ன அரசு மையத்துக்கோ நல்ல குழந்தை மருத்துவரிடமோ உடனே போய்விடுங்கள். எனக்கான கணக்கு இது: கையெழுத்து வகுப்பு 7,500, டிராயிங் 3,700, மையத்துக்கு 20,500, ஆட்டோ 2,400. தஞ்சாவூருக்குப் பஸ் காசு மட்டும்தான். சங்கிலியை ஏப்ரலில் மீட்டேன், வட்டி தனி. ஜூனில் யுகேஜி மிஸ்ஸிடம் படங்கள் உள்ள ஃபைலோடு போய் உட்கார்ந்து பேசினேன். வீட்டுப்பாடத்தை ஒரு பக்கமாகக் குறைக்க ஒப்புக்கொண்டார், திருப்பி எழுதினால் சிவப்பு மை போடமாட்டேன் என்றார். நாலு கோட்டு நோட்டை நிறுத்த மட்டும் அவரால் முடியாது என்றார், மேலிடத்து உத்தரவாம்.

செப்டம்பரில் வீட்டுக்காரர் 40 நாள் விடுமுறையில் வந்தார். நடந்ததை எல்லாம் அப்போதுதான் முழுதாகச் சொன்னேன். என்னைத் திட்டவில்லை, ஏன் தனியா இதெல்லாம் சுமந்த என்று மட்டும் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பெரியவன் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருக்க, அவன் அப்பாவை வரைந்தான். இப்போது உடம்பு இருந்தது, கை இருந்தது, ஒரு கையில் ஏழு விரல். ஆனால் எல்லாவற்றையும் சுற்றி மறுபடியும் அதே பெட்டி, ஓரத்தில் சிவப்பாக ஒரு பொத்தான், போன் அழைப்பைக் கட் பண்ணுகிற பொத்தான். கண் முன்னால் தெரிவதை விட்டுவிட்டு மனதில் தெரிந்ததை வரைகிற வயது அது, லூக்கே அதையும்தான் எழுதியிருக்கிறார். "அப்பா இங்கதானே இருக்கேன், ஏன் போனுக்குள்ள போட்ட?" என்று அவர் கேட்டார். அவன் நிமிராமல் விரல்களுக்கு நகம் போட்டுக்கொண்டே, "இதுதான் அப்பா" என்றான். அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது நாலாக மடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டு போனார்.